பதக்கத்தில் 10 கி.மீ., தரையில் 9.83

காரைக்குடிப் பக்கம் ஓட்டங்களுக்குப் பணம் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு. "முறைப்படி அளந்த பாதை" என்று நோட்டீஸ் போட்டு நடத்திய ஒரு 10 கி.மீ. ஓட்டத்தின் பாதையை, ஜோன்ஸ் கவுண்டர் (சக்கரம் சுற்றுவதை எண்ணும் சின்னக் கருவி) பூட்டிய சைக்கிளில் அளந்தோம். 170 மீட்டர் குறைவு. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் ஓடுகிறவருக்கு 51 விநாடி இனாம்! அந்த நேரத்தைச் சாதனை என்று எங்கும் காட்ட முடியாது. 1981 நியூயார்க் மாரத்தானில் அமெரிக்க ஓட்டக்காரர் ஆல்பர்ட்டோ சலசார் ஓடிய 2:08:13 கூட, பாதை சுமார் 148 மீட்டர் குறைவு என்று பின்னால் தெரிந்ததும் உலகச் சாதனையாக நிற்கவில்லை.

கேட்டால், "வாட்சில் 10 காட்டுதே" என்கிறார்கள். ஜி.பி.எஸ். புள்ளிகள் கோணல்மாணலாக விழும். கோத்துப் பார்த்தால் பெரும்பாலும் நிஜத்தைவிட நீளமாகவே வரும். அதை நம்பி முடிவுக்கோடு போட்டால் பாதை குறையத்தான் செய்யும்.

பெரிய ஓட்டை, திரும்பும் இடம். டீக்கடை முன்னால் பைக்குகள் நின்றதால் கோனை 60 மீட்டர் முன்னாலேயே வைத்துவிட்டார்கள். போக வர 120 மீட்டர் போச்சு. தாரில் ஆணி அடித்து, இந்த நம்பர் மின்கம்பத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதி வைத்திருந்தால் கோன் நகர்ந்திருக்காது.

மிச்சம் மூலைகளில். செட்டிநாட்டு ஊர்களில் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் செங்கோணமாக வெட்டிக்கொள்ளும். கார் இடப்பக்கமாகவே போய் அகலத் திரும்பும். ஓடுகிறவர் மூலையை ஒட்டிப் போவார். அளக்க வேண்டியது அந்தக் குறுக்கு வழியை, ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி. நம் சாலைகளில் பாதிக்கு மேல் ஓரக்கல்லே கிடையாது, தார் முடிந்தால் செம்மண். அங்கே கோன் வைத்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் செம்மண்ணில் இறங்கி வெட்டும் வழியையே அளக்க வேண்டும்.

பணம் கட்டுமுன் அளவு அறிக்கை கேளுங்கள். ஒரு மீட்டருக்குக் கவுண்டர் எத்தனை எண்ணுகிறது என்று கண்டுபிடிக்க, 300 மீட்டருக்குக் குறையாத நேர்ச்சாலையை ஸ்டீல் டேப்பால் அளந்தார்களா, வெப்பத்துக்குத் திருத்தினார்களா? (35 டிகிரியில் டேப் நீண்டு, 300 மீட்டருக்கு 5 செ.மீ. பிசகும்.) அதில் சைக்கிளைப் பாதை அளக்கும் முன் 4 தடவை, அளந்தபின் 4 தடவை ஓட்டினார்களா? பின்னதை விட்டுவிடுவார்கள். டியூபில் மெல்லக் காற்று இறங்கியிருந்தால் சக்கரம் சிறுத்து எண்ணிக்கை கூடும், பாதை குறையும், யாருக்கும் தெரியாது.

கடைசியாக, பாதை குறைந்துவிடாமல் இருக்க நீளத்தை 1.001 ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டிய கூடுதல் 10 மீட்டரை எங்கே சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். திருதிருவென்று விழித்தால் கட்டணம் கையிலேயே இருக்கட்டும்.