பென்டிரைவில் பாட்டு ஏற்றும் கடை: ஐந்துக்கு இரண்டு

மச்சானின் ஆம்னி வேனில் பாட்டு இல்லை என்று ஒரே புலம்பல். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடையில் 16 ஜிபி பென்டிரைவைக் கொடுத்தேன். ஏற்றுகூலி 150 ரூபாய். "எய்ட்டீஸ் வேணுமாண்ணே, கானாவா?" என்று பையன் கேட்டான். எண்பதுகள் என்றேன். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஏற்றி முடித்திருந்தான்.

வேகத்துக்கு ஒரு ஸ்டார். சரக்குதான் மட்டம். மொத்தம் 1,840 பாட்டு. அதில் ஒரே பாட்டு மூன்று இடத்தில் வருகிறது. பாதிக்கு மேல் பாட்டின் பெயரே இல்லை, ஏதோ வெப்சைட் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. ஜானகி அம்மா சரணத்தில் மேலே ஏறும் நேரம் பார்த்து ஒரு ஆண்குரல் அந்த வெப்சைட் விலாசத்தைச் சொல்கிறது. மச்சான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திட்டினார். வாங்கிக் கொடுத்தவன் நான் அல்லவா, என்னைத்தான்.

நான் வக்கீல் குமாஸ்தா. 22 வருஷமாகப் பிராது தட்டச்சு செய்கிற கை சும்மா இருக்குமா? அனுமதி இல்லாமல் பாட்டை நகலெடுத்தால் சட்டப்படி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அமெரிக்காவில் மினசோட்டாவைச் சேர்ந்த ஒரு பெண் காசா என்ற இணையப் பகிர்வு மென்பொருளில் 24 பாட்டைப் பகிர்ந்ததற்கு வழக்கு. 2007-ல் 2,22,000 டாலர் இழப்பீடு என்றது ஜூரி. 2009-ல் மறுவிசாரணையில் அதுவே 19,20,000 ஆனது. இழுத்தடித்து, 2012-ல் மேல்முறையீட்டில் பழைய 2,22,000-க்கே வந்து நின்றது. பாட்டுக்கு 9,250 டாலர்! அங்கே சட்டப்படி ஒரு படைப்புக்குக் குறைந்தபட்ச இழப்பீடே 750 டாலர். அந்தக் கணக்கில் மச்சானின் பென்டிரைவ் 13,80,000 டாலர் பெறும். இரட்டைப் பதிவுகளைக் கழித்துக்கொள்ளலாம்.

நம் ஊர் பதிப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆனால் வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், தக்க காரணத்தைத் தீர்ப்பில் எழுதிவிட்டு நீதிபதி இன்னும் குறைக்கலாம். எனக்குப் பிடித்த வரி அது. கேட்கிறவனையும் விற்கிறவனையும் ஒரே தராசில் போடாத வரி. பாட்டை எண்ணி டாலரால் பெருக்குவதை விட இது எவ்வளவோ மேல்.

அதற்காக எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். 2004-ல் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தில் வீடியோ பைரஸிக்காரர்களையும் சேர்த்தார்கள். விசாரணை இல்லாமலேயே ஒரு வருஷம் உள்ளே வைக்கலாம். திருட்டு விசிடியை லாரியில் இறக்கியவனுக்குச் சரி, 150 ரூபாய்க்குக் கம்ப்யூட்டரைத் தட்டும் இந்தப் பையனுக்கு? கடையைச் சோதனை போட்டு ஹார்ட்டிஸ்கை எடுத்துக்கொண்டு, கூலியாக வாங்கியதைப் போல பத்து மடங்கு கட்டச் சொன்னாலே அவன் தொழிலை மாற்றிக்கொள்வான். ஏற்றச் சொன்ன எனக்கும் ஏதாவது போடட்டும், மறுக்கவில்லை.

இன்னொரு ஸ்டார் பையனின் மரியாதைக்கு. பில் கிடையாது, மாற்றித் தரவும் மாட்டார்கள். குறை சொல்லப் போனபோது என் தொழிலைக் கேட்டான். சொன்னேன். கல்லாவிலிருந்து 50 ரூபாயை எடுத்து நீட்டி, "வக்கீல் ஐயா நம்பர் ஒண்ணு கொடுத்துட்டுப் போங்கண்ணே" என்றான். ரெண்டையும் கொடுக்கல் வாங்கல் பண்ணிக்கொண்டோம்.