பழைய படப் புதிர் விளையாட எது நல்லது: வட்ஸ்அப்பா, கஹூட்டா, ரெலிகிராமா?

பழைய தமிழ்ப் படங்களைப் பற்றிக் கதைக்க யாழ்ப்பாணத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றாகப் படம் பார்த்தவர்கள் இன்று ஒரே ஊரில் இல்லை. அண்ணை கொக்குவிலில் என்றால் தம்பி ரொறன்ரோவில், மச்சான் லண்டனில். அதனால் புதிர் விளையாட்டும் கைப்பேசிக்கு வந்துவிட்டது.

ஒரே கேள்வியை எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கி, சிவாஜி நடித்த 'அந்த நாள்' படத்தில் எத்தனை பாடல்கள்? விடை: ஒன்றுகூட இல்லை.

கஹூட் என்ற வினாடி வினாச் செயலியில் இதற்குத் தெரிவு செய்யச் சில விடைகள் கொடுக்க வேண்டும். அதில் ஒன்று பூச்சியம் என்று கண்டவுடனே பாதிப் பேர் அதைத் தொட்டுவிடுவார்கள், கேள்வி செத்துவிடும். வழக்கமான முறையில் வேகமாகத் தொடுபவருக்குத்தான் புள்ளி கூட. ராஜா, வெலிங்டன் தியேட்டர்களில் வரிசையில் நின்று படம் பார்த்த எழுபது வயதுக்காரர், விடை நெஞ்சுக்குள் இருந்தும், பதினைந்து வயதுப் பிள்ளையிடம் தோற்பார். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் குடும்பமாக விளையாடக் கஹூட்தான் சரி. அம்மப்பா விடை சொல்ல, பேத்தி திரையைத் தொட, இரண்டு பேரும் ஒரே அணி. பிள்ளைகள் பழைய படத்தின் பெயரைக் காது கொடுத்துக் கேட்பது அப்போதுதான்.

ரெலிகிராமின் வினாடி வினா வேறு மாதிரி. அவசரம் இல்லை. ஒருமுறை தொட்ட விடையை மாற்ற முடியாது, தொட்டதும் சரியான விடை தெரியும், சின்ன விளக்கமும் பார்க்கலாம். அந்த விளக்கத்துக்காகவே இதை மதிக்கிறேன். 1931இல் வந்த 'காளிதாஸ்' பற்றிக் கேட்டுவிட்டு, டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச மற்றவர்கள் தெலுங்கிலும் ஹிந்தியிலும் பேசிய படம் அது என்று இரண்டு வரி எழுதலாம். நாளுக்கு ஒரு கேள்வி போதும். குறை என்னவென்றால், எல்லாரும் தொட்டுவிட்டு அமைதியாகப் போய்விடுவார்கள்.

வட்ஸ்அப் குழுவில் அந்த அமைதி கிடையாது. 'அந்த நாள்' கேள்வியைக் குரல்பதிவில் கேட்டால் ஒருவர் மூன்று என்பார், இன்னொருவர் ஒரு பாட்டைப் பாடியே அனுப்புவார், அது எந்தப் படப் பாட்டு என்று அடுத்த சண்டை தொடங்கும். 'நாடோடி மன்னன்' எந்த இடத்தில் கலருக்கு மாறுகிறது என்று கேட்டால், அந்தப் படத்தை எங்கே, யாரோடு பார்த்தோம் என்ற கதை இரவு முழுக்கப் போகும். கூகுளில் தேடுவார்களே என்றால், இடையிசையை வாயால் முனகி அனுப்புங்கள், அதை எழுத்தில் தட்டித் தேட முடியாது. விடையும் குரலில்தான் வரவேண்டும் என்று வைத்தால் இன்னும் நல்லது.

எதில் விளையாடினாலும் ஆயத்தக் கேள்விப் பட்டியல்களை நம்ப வேண்டாம். எம்.ஜி.ஆர். நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பது அவற்றில் இருக்கலாம். எங்கள் இலங்கைத் தமிழ்ப் படங்களான, 1972இல் வந்த 'குத்துவிளக்கு' பற்றியோ, செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய 'வாடைக்காற்று' பற்றியோ அநேகமாக இருக்காது. அவற்றை நாங்கள்தான் எழுத வேண்டும், எழுதவும் வேண்டும்.

சரி, என் தெரிவு? அன்றாடம் வட்ஸ்அப், கொண்டாட்ட நாளில் கஹூட். மாதம் ஒருமுறை முகம் பார்த்து விளையாட விரும்பினால் கூகுள் மீட் எடுங்கள். காசு கட்டாமல் குழுவாக ஒரு மணித்தியாலம் கதைக்கலாம், சூமில் 40 நிமிடம்தான். ஞாயிற்றுக்கிழமை வசதி. கோடையில் இங்கே இரவு 8.30 என்றால் லண்டனில் மாலை 4, ரொறன்ரோவில் காலை 11.