லெர்னு தளத்தில் இருத்தலும் ஆதலும்

பன்னாட்டுப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவை இலவசமாகக் கற்பிக்கும் லெர்னு இணையதளம் 2002 முதல் இயங்கி வருகிறது. ஒன்று இன்னபடி இருப்பதையும் வேறொன்றாக ஆவதையும் இம்மொழி எவ்வாறு சொல்கிறது என்று அறியவே அதன் இலக்கணப் பகுதியைப் படித்தேன்.

இருத்தலுக்கு ‘எஸ்தி’ என்ற ஒரே வினை போதும். ‘அவர் ஆசிரியர்’ என்று வினையில்லாமலே முடித்துப் பழகிய நமக்கு, ஒவ்வொரு முறையும் அதன் நிகழ்கால வடிவமான ‘எஸ்தாஸ்’ சேர்ப்பது தொல்லைதான். ஆயினும் எழுவாய் எதுவானாலும் அதன் வடிவம் மாறாததால் விரைவில் கைவந்துவிடுகிறது. ‘வானம் நீலமாக இருக்கிறது’ என்பதற்கு, நிறச்சொல்லையே வினையாக்கி ‘லா சியேலோ ப்ளூவாஸ்’ என்றும் சுருக்கமாகச் சொல்லலாம்.

ஆதலுக்கு வரும்போதுதான் மொழியும் தளமும் ஒருசேரச் சிறக்கின்றன. வேர்ச்சொல்லோடு ‘இஜ்’ சேர்ந்தால் ஆகுதல், ‘இக்’ சேர்ந்தால் ஆக்குதல்: ‘ருஜிஜி’ என்றால் சிவத்தல், ‘ருஜிகி’ என்றால் சிவக்கவைத்தல். ‘சிதி’ என்பது அமர்ந்திருத்தல், ‘சிதிஜி’ அமர்தல், ‘சிதிகி’ அமர்த்துதல். ஆகு–ஆக்கு, திருந்து–திருத்து என்று தன்வினை, பிறவினை இணைகளோடு வளர்ந்த நமக்கு இது புதிதே அன்று. சொல்லப்போனால், ஆங்கிலத்தின் வழியாக இம்மொழிக்குள் நுழைவது தேவையில்லாமல் சுற்றிச் செல்வதாகும். ஒட்டுகளைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு, பெயரடை வேரோடும் வினை வேரோடும் அவை சேரும்போது பொருள் எவ்வாறு வேறுபடுகிறது என்று லெர்னு காட்டும் முறை, வெறும் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடப் பலமடங்கு பயனுள்ளது.

செயப்பாட்டு எச்சங்களைப் பற்றிய பக்கங்கள் மட்டும் கனமாக உள்ளன. அது தளத்தின் குறையன்று, விஷயமே சிக்கலானது. இம்மொழியை உருவாக்கிய சாமென்ஹோஃப் 1859இல் பிறந்தார் என்பதை முடிந்த செயலைக் காட்டும் ‘இத்’ ஒட்டோடு ‘எஸ்திஸ் நாஸ்கிதா’ என்று எழுதுவதா, நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டும் ‘ஆத்’ ஒட்டோடு ‘எஸ்திஸ் நாஸ்காதா’ என்று எழுதுவதா என அறிஞர்கள் நெடுங்காலம் மோதிக்கொண்டனர். 1967இல் எஸ்பெராண்டோ கழகம் ‘நாஸ்கிதா’வின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பக்கங்களை முதல் வாசிப்பில் தள்ளிவைப்பதே நல்லது, ஏனெனில் ‘இஜ்’ சேர்த்து ‘நாஸ்கிஜிஸ்’ என்று எழுதிவிட்டால் இரு தரப்பாரும் தடை சொல்ல மாட்டார்கள்.