ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பல் டாக்டர்

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். திருச்சி தில்லை நகர் கிளினிக். அம்மாவுக்கு ஒரு இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் ஸ்க்ரூ வைத்து அதன் மேல் பொருத்தும் செயற்கைப் பல்.

அம்மாவுக்கு வயது 68. கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் ஒன்று போய் இரண்டு வருடம் ஆகிறது. முறுக்கைக் காபியில் ஊறவைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

முதலில் வேறொரு இடத்துக்குப் போனோம். சுகர், பிரஷர் உண்டா, தினமும் என்ன மாத்திரை என்று கேட்டார்கள். அம்மா பிரஷர் மாத்திரையை மட்டும் சொன்னார். உடனே தேதி கொடுத்துவிட்டார்கள். ஒரு கல்யாணத்தால் அந்தத் தேதி தள்ளிப்போக, சித்தி சொல்லி இங்கே வந்தோம்.

இந்த டாக்டரம்மா கேட்டதே வேறு மாதிரி. "அம்மா, வாரத்துக்கு ஒரு தடவை போடுற மாத்திரை ஏதாவது உண்டா? ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி? வருஷத்துக்கு ஒரு டிரிப்ஸ்?"

"ஞாயித்துக்கிழமை மாத்திரை ஒண்ணு இருக்கே" என்றார் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணிக்கட்டு முறிந்ததிலிருந்து ஐந்து வருடமாக எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் 70 மி.கி. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு நான்தான் கொடுக்கிறேன். அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்தும் இருப்பேன். தினசரி மாத்திரை இல்லை என்பதால் எங்கள் இருவருக்குமே நினைவுக்கு வரவில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்பு ஒரு பக்கம் கரைந்து, ஒரு பக்கம் புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். இந்த மருந்து கரைக்கும் செல்களை அடக்கிவைக்கிறது. இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் அது பாதுகாப்பு. ஆனால் பல் பிடுங்கினாலோ ஸ்க்ரூ வைத்தாலோ தாடை எலும்பு ஆறுவதற்கும் அந்தச் செல்கள் வேண்டும். சிலருக்கு ஈறு மூடாமல் எட்டு வாரத்துக்கு மேலும் எலும்பு வெளியே தெரிந்துகொண்டே இருக்குமாம். இப்படிப்பட்ட 36 நோயாளிகளைப் பற்றி அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் என்ற வாய் அறுவை சிகிச்சை நிபுணர் 2003இல் எழுதிய பிறகுதான் இது பரவலாகத் தெரியவந்ததாம்.

நான் பயந்துவிட்டேன். அதற்கும் பதில் சொன்னார். எலும்புத் தேய்மானத்துக்காக மாத்திரை சாப்பிடுபவர்களில் பத்தாயிரத்துக்கு 2 முதல் 5 பேருக்குத்தான் வருகிறது. புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி போடுபவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. அவர்களாக இருந்தால் இம்ப்ளாண்ட் வேண்டாம் என்றே சொல்லியிருப்பாராம். எலும்பு கரையும் வேகத்தைக் காட்டும் சி.டி.எக்ஸ். ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா என்று கேட்டேன். அதை நம்பித் தீர்மானிக்க முடியாது என்று எழுதித் தரவில்லை.

அப்புறம் அம்மாவின் எலும்பு டாக்டரிடம் எங்கள் முன்னாலேயே போனில் பேசினார். மாத்திரையை நாங்களாக நிறுத்தக் கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னார். இதே எலும்புத் தேய்மானத்துக்கான ஆறு மாத ஊசியான டெனோசுமாப் போடுபவர்கள் தவணையைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு முறியவும் வாய்ப்பு உண்டாம். எங்கள் எதிர்வீட்டு அத்தை அந்த ஊசிதான் போடுகிறார். அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் ஈறைச் சுத்தம் செய்து, சீழ் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். ஸ்கேன் எடுத்து, ஆபத்தை எழுதிய தமிழ்ப் படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே ஸ்க்ரூ வைத்தார்கள். அதன் மேல் பல் கேப் போட ஐந்து மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். அது அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் புண் நன்றாக ஆறியது. இம்ப்ளாண்ட் நன்றாகப் பிடித்த பிறகும், வருடங்கள் கழித்து அதைச் சுற்றிப் பிரச்சினை வரலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும்.

அரை நட்சத்திரம் குறைத்தது காத்திருப்புக்காக. ஆறு மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஏழேகாலுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் போனில் முன்கூட்டியே சொன்னால் கீழ்த்தள அறையில் வந்து பார்க்கிறார்கள். போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள், ஊசிச் சீட்டையும் சேர்த்து.