மாசியில் பறவை பார்க்க: வேட்டங்குடியா, கோடியக்கரையா?

காரைக்குடியில் முத்துமாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் நேரம் வந்தால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சும் வந்துவிடும். பக்கத்து வேட்டங்குடிக்கே போவதா, வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரைக் கடற்கரை வரை போவதா?

வேட்டங்குடி நம்ம பக்கத்துப் பெருமை. திருப்பத்தூர் தாண்டி, மதுரை சாலையில் கொள்ளுக்குடிப்பட்டி. 1977இல் சரணாலயமான கண்மாய்கள். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். மார்கழி, தையில் போனால் நத்தைகுத்தி நாரை குச்சியைக் கவ்விக்கொண்டு தலைக்கு மேலே பறக்கும். அதற்கு அலகை மூடினாலும் நடுவில் சிறு இடைவெளி தெரியும். ஆனால் மாசி பாதியைத் தாண்டினால் கண்மாய் வற்றத் தொடங்கும், வளர்ந்த குஞ்சுகளோடு கூட்டம் கிளம்பிவிடும். போன வருஷம் தாமதமாகப் போய், கருவேல மரங்களில் வெறுங்கூடுகளையும் வெள்ளை எச்சத்தையும் பார்த்துத் திரும்பினோம்.

அந்த நேரத்தில்தான் கோடியக்கரை களைகட்டுகிறது. 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியம் என்று பட்டியலிட்ட ஈரநிலம். எல்லோரும் பூநாரைக்காகத்தான் போகிறார்கள், அது சரி. முறுக்குக் கொம்போடு கருத்த ஆண் வெளிமான் புல்வெளியில் நிற்பதும் கண்கொள்ளாக் காட்சி. எனக்கு அதைவிடப் பெரிது சேற்றில் இரை தேடும் உள்ளான்கள், அதிலும் ஒரு வகை. அலகு நுனி லேசாக வளைந்த அந்தச் சின்னப் பறவை பனிக்காலம் முழுக்கச் சேற்றோடு சேறாகச் சாம்பல் நிறத்தில் திரியும். சைபீரியாவுக்குக் குஞ்சு பொரிக்கக் கிளம்புமுன் நிறம் மாறும். பங்குனி பிறந்ததும் பாருங்கள்: ஒன்று இன்னும் சாம்பலாகவே நிற்கும், பக்கத்தில் நிற்பதன் நெஞ்சில் செங்கல் பொடி தூவியதுபோல் திட்டுத் திட்டாகச் சிவப்பு. வனத்துறை, பங்குனி ஆமை என்னும் கடலாமையின் முட்டைகளைப் பொரிப்பகத்தில் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுவதும் இந்த மாதங்களில்தான்.

தூரம்தான் சிரமம். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் என்று மூன்று நாலு மணி நேரம் ஆகும். சதுப்பில் நிழலும் கிடையாது. வயதானவர்கள் கூட வந்தால் தொண்டிப் பக்கம் காரங்காடு போதும். அலையாத்திக் காட்டுக்குள் படகில் உட்கார்ந்தபடியே பார்த்து வரலாம். பறவை வகை குறைவு, அலைச்சலும் குறைவு.

என் ஓட்டு தையில் வேட்டங்குடிக்கு, மாசிக் கடைசியில் கோடியக்கரைக்கு. புளிச்சோறு கட்டிக்கொண்டு பின்னிரவு இரண்டு மணிக்கே வண்டியை எடுத்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் சதுப்பில் கானல் ஆடும், அப்புறம் சிவப்பு எது, சாம்பல் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.