ஃபெர்மி ஜிபிஎம் தரவோடு நான்கு ஆண்டுகள்

விண்வெளியில் திடீரென மின்னி மறையும் காமா கதிர் வெடிப்புகளை அலசுவதில் கஷ்டமான பகுதி நிறமாலைக்கு வளைகோடு பொருத்துவதுதான் என்று நினைத்து இறங்கினேன். அது அரைமணி நேர வேலை. என் நேரத்தில் பாதிக்கு மேல் பின்னணியை, அதாவது வெடிப்பு இல்லாதபோதும் கருவியில் பதிவாகிக்கொண்டே இருக்கும் கதிர்வீச்சை, கழிப்பதிலேயே போகிறது.

தரவைக் குறை சொல்ல முடியாது. 2008-ல் ஏவப்பட்ட ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியில் இந்த வெடிப்புகளைக் கண்காணிக்கும் ஜிபிஎம் கருவியில் 12 சோடியம் அயோடைடு உணரிகளும் 2 பிஜிஓ (பிஸ்மத் ஜெர்மனேட்) உணரிகளும் இருக்கின்றன. டிடிஇ எனப்படும் நேரக்குறியிட்ட தரவுக் கோப்பைத் திறந்தால் உணரியில் பதிவான ஒவ்வொரு நிகழ்வுக்கும் 2 மைக்ரோ விநாடி நுட்பத்தில் நேரம் இருக்கும். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

முதல் வருடம் ஒரு வெடிப்பின் வால் முடிவேயில்லாமல் நீண்டுகொண்டே போனது. இரண்டு நாள் துள்ளிக் குதித்தேன். அப்புறம் பார்த்தால், செயற்கைக்கோள் சற்று முன்புதான் தென் அட்லாண்டிக் அனாமலியை, அதாவது பூமியின் கதிர்வீச்சுப் பட்டை தாழ்ந்து வரும் பகுதியை, தாண்டி வந்திருக்கிறது. பின்னணி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கிக்கொண்டிருந்தது. நானோ வெடிப்புக்கு முந்தைய சில விநாடிகளை மட்டும் வைத்து நேர்கோடு இழுத்திருந்தேன். கோட்டுக்கு மேலே எஞ்சியதைத்தான் வால் என்று கொண்டாடியிருக்கிறேன்!

இப்போது வெடிப்புக்கு இருபுறமும் பின்னணியை எடுக்கிறேன். அந்த எல்லைகளை மூன்று விதமாக நகர்த்தி, டி90 (வெடிப்பின் 90 சதவீத வெளிச்சம் வந்து சேரும் கால அளவு) எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. பழக விரும்புபவர்களுக்கு 2017 ஆகஸ்ட் 17-ல் வந்த 170817ஏ வெடிப்பு நல்ல பாடம். ஈர்ப்பலை வந்து 1.7 விநாடி கழித்து வந்த அந்த வெடிப்பு 1, 2, 5 ஆம் உணரிகளில் நன்றாகத் தெரியும். 64 மில்லி விநாடிக் கட்டங்களில் முதல் துடிப்பு கண்ணுக்கே படும். அதன் பின்னால் வரும் மெல்லிய, குறைந்த ஆற்றல் வால்தான் சோதனை. பின்னணியைக் கொஞ்சம் ஏற்றி வைத்தாலும் வால் காணாமல் போகும்.

2022 அக்டோபர் 9-ல் வந்த 221009ஏ வெடிப்பு இதற்கு நேர் எதிர். பின்னணி கவலையே இல்லை, ஆனால் வெளிச்சம் தாங்காமல் உணரிகள் திணறிவிட்டன. கருவி வெடிப்பை உணர்ந்த நொடியிலிருந்து 219 முதல் 277 விநாடி வரையான பகுதியை நேரடியாக நிறமாலைக்கு எடுக்கக் கூடாது.

சின்னச் சின்ன எரிச்சல்களும் உண்டு. உணரி எண் 9-க்கு அப்புறம் கோப்புப் பெயரில் ‘ஏ’, ‘பி’ என்று எழுத்துக்கு மாறிவிடும். என் நிரல் ஒரு மாதம் அந்த இரண்டையும் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. 33 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பக்கத்தில் ஒரு மேடு தெரிந்தால் பரவசப்பட வேண்டாம், அது படிகத்திலுள்ள அயோடினின் வேலை. 30 முதல் 40 வரை வெட்டிவிட்டுப் பொருத்துங்கள்.