வீட்டு மேசையா, உரிமம் பெற்ற பட்டறையா?

துப்பாக்கி என் பெயரில் இருக்கிறது, உரிமமும் இருக்கிறது. அதில் கைவைக்க யாரைக் கேட்க வேண்டும்? இப்படி நினைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. வைத்திருக்கும் உரிமை வேறு, மாற்றும் உரிமை வேறு.

வார் மாற்றுவதும் குழலைத் துடைத்து எண்ணெய் இடுவதும் வீட்டிலேயே நடக்கட்டும். அதைத் தாண்டினால் நாட்டுக்கு நாடு கணக்கு மாறுகிறது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், பழுதுபார்ப்பதும் 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் தேவைப்படும் வேலைதான். 6ஆம் பிரிவு, உரிமமின்றிக் குழலைக் குட்டையாக்கக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் அதில் சேர்ந்துவிட்டது. மீறினால் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள். ஆகவே இங்கே வீட்டு மேசைக்கு இடமே இல்லை என்பேன்.

அமெரிக்காவில் வீட்டு வேலைக்கு இடம் அதிகம். ஆனால் எல்லை அங்குலத்தில் இருக்கிறது. ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்கும், ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்கும் குறைந்தால் 1934ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பூட்டை (bolt) மூடிய நிலையில் குழலுக்குள் ஒரு குச்சியைவிட்டு, வாய்முனையில் குறியிட்டு அளப்பார்கள். கால் அங்குலம் குறைந்தாலும் குற்றம்தான். அரசின் ஒப்புதல் கையில் வந்த பிறகே ரம்பத்தைத் தொட வேண்டும். வெட்டிவிட்டு விண்ணப்பிப்பது செல்லாது. பிரிட்டனில் ஷாட்கன் குழலுக்கு எல்லை 24 அங்குலம்.

பலர் கவனிக்காதது தொடர் எண். துருவை எடுக்கிறேன் என்று உப்புத்தாளால் தேய்க்கும்போது, ஆழமில்லாமல் பொறித்த இலக்கங்கள் மங்கிவிடும். இந்தியச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, எண் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. எவ்வளவு பெரிய சுமை அது!

பட்டறையின் பலம் அதன் பதிவேடு. எந்தத் துப்பாக்கி, என்ன வேலை, யாரிடம் திரும்பியது என்பது எழுத்தில் நிற்கும். அதற்காகப் பட்டறைக்காரர் கைபட்டதாலேயே தடைசெய்த மாற்றம் சட்டபூர்வமாகிவிடாது. அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். செலவு கூடினாலும், துடைப்பதைத் தவிர குழல், விசை, எண் சம்பந்தப்பட்ட எதையும் நான் பட்டறைக்கே அனுப்பச் சொல்வேன். கொடுக்கும் முன் அவருடைய உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். தொடர் எண்ணும் செய்த வேலையும் குறித்த ரசீதை வாங்கி, உங்கள் உரிமத்தோடு சேர்த்து வையுங்கள்.